தைலம் காய்ச்ச எந்தக் கருவி? டேங்க் வாங்கும் முன் ஒரு ஒப்பீடு

“அண்ணே, 500 லிட்டர் டேங்க் என்ன விலைக்கு வரும்?”

திண்டுக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கரில் எலுமிச்சைப்புல் போட்டிருக்கும் தம்பி ஒருவர் போனில் கேட்ட முதல் கேள்வி இது. புல் நன்றாக வந்திருக்கிறது, முதல் அறுப்புக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் சொந்தமாகத் தைலம் காய்ச்சும் கருவி வாங்கிவிட வேண்டும் என்கிறார். நான் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டேன். “உங்க போர்ல மணிக்கு எவ்வளவு தண்ணி வரும் தம்பி?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “தண்ணிக்கும் டேங்குக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?” என்றார்.

சம்பந்தம் நிறைய இருக்கிறது. செடியிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்க நாலைந்து வகைக் கருவிகள் விற்கிறார்கள். எல்லாமே பளபளவென்று இருக்கும், விற்பவர்கள் எல்லோரும் தங்களுடையதுதான் சிறந்தது என்பார்கள். ஆனால் எந்தக் கருவி என்பதை முடிவு செய்வது உங்கள் செடியும், உங்கள் தண்ணீரும், உங்கள் விறகும்தான். அந்தத் தம்பிக்கு ஒரு மணி நேரம் போனில் சொன்னதை, புதிதாக இறங்கும் மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

முதலில் செடி

நமக்கு வேண்டிய பொருள் ஆவியோடு எழுந்து வருமா, வராதா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் கருவிகள் கழிந்துவிடும்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயிகள் பலர் என்னிடம் கேட்பார்கள்: “மஞ்சளைக் காய்ச்சினால் குர்குமின் கிடைக்குமா?” கிடைக்காது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் ஆவியாகாது. நீராவியில் மஞ்சளைக் காய்ச்சினால் வருவது மஞ்சள் எண்ணெய். அதில் டர்மரோன் என்ற வாசனைப் பொருள்தான் பிரதானம். குர்குமின் முழுக்க சக்கையிலேயே தங்கிவிடும். மிளகும் அப்படித்தான். மிளகின் வாசனை ஆவியில் வரும், காரம் தரும் பைப்பரின் வராது. இஞ்சி எண்ணெயை நாக்கில் வைத்தால் மணம் இருக்கும், உறைப்பு இருக்காது. உறைப்பும் நிறமும் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கரைப்பானில் கரைத்துத்தான் எடுக்க வேண்டும், அது வேறு தொழில், வேறு கருவி.

எலுமிச்சைப்புல், பாமரோசா, தைலமர இலை, துளசி, வெட்டிவேர், ஜெரேனியம் இவை எல்லாம் ஆவிக்கு இணங்கும். மல்லிகையும் சம்பங்கியும் இணங்காது. சூடு பட்டால் அந்த மணம் போய்விடும். இவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீரில் போட்டா, சல்லடை மேலா, தனி பாய்லரா?

ஆவி முறையிலேயே மூன்று வகை உண்டு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

முதல் வகை, பொருளைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவைப்பது. உத்தரப்பிரதேசத்தின் கன்னௌஜில் அத்தர் எடுக்கும் செப்புப் பானைகள் இந்த வகை. பானைக்கு தேக் என்று பெயர். அதிலிருந்து மூங்கில் குழாய் வழியாக ஆவி போய், தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பப்கா என்ற பாத்திரத்தில் குளிர்ந்து இறங்கும். மூடியின் இடுக்கை களிமண் குழைத்து அடைப்பார்கள். ரோஜா போன்ற பூக்களுக்கு இது நல்ல முறை, ஏனென்றால் பூ இதழ்கள் ஆவி பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். தண்ணீரில் மிதந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் புல்லுக்கும் இலைக்கும் இது வீண். அவ்வளவு தண்ணீரையும் சூடாக்க விறகு எரிக்க வேண்டும், நேரமும் பிடிக்கும். ஜெரேனியம் மாதிரிச் செடிகளில் உள்ள எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள், நெடுநேரம் கொதிநீரில் கிடந்தால் சிதைந்து வாசனை மாறும்.

இரண்டாவது வகை, வயல்களில் அதிகம் பார்ப்பது. டேங்கின் அடியில் தண்ணீர், அதற்கு மேல் சல்லடைத் தட்டு, தட்டின் மேல் புல். அடியில் அடுப்பு. இட்லிப் பானை போலத்தான். 1959-இல் தொடங்கி இப்போது லக்னோவில் இயங்கும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனமான சிமாப், விவசாயிகளுக்காக வடிவமைத்துப் பரப்பிய வயல் வடிகலன்களில் இந்த வகையும் உண்டு. செலவு குறைவு, ஓட்டுவது எளிது, உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். குறை ஒன்று: தண்ணீர் வற்றியது தெரியாமல் அடுப்பு எரிந்தால் அடித்தகடு பழுத்துவிடும். தட்டின் இடுக்கு வழியாகக் கீழே விழுந்த இலைத்துண்டுகள் கருகி, அந்த டேங்கில் வந்த எண்ணெய் முழுக்கப் புகை வாசனை ஏறும். அந்த வாசனை எதைச் செய்தாலும் போகாது. டேங்கின் பக்கத்தில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இல்லாத கருவியை வாங்கவே வாங்காதீர்கள்.

மூன்றாவது, பாய்லர் தனியாக, டேங்க் தனியாக. பாய்லரிலிருந்து வரும் ஆவி, டேங்கின் அடியில் துளையிட்ட குழாய் வழியாகப் புல்லுக்குள் ஏறும். கருகல் பயம் கிடையாது. ஆவியைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரே பாய்லரில் இரண்டு டேங்க் இணைத்து, ஒன்றில் காய்ச்சும்போதே இன்னொன்றில் புல் ஏற்றலாம். பெரிய ஆதாயம் விறகில். 1 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 615 கிலோகலோரி வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு 1 கிலோவில் சுமார் 3,500 கிலோகலோரி இருக்கிறது என்றாலும், திறந்த அடுப்பில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தண்ணீருக்குப் போய்ச் சேராது. மணிக்கு 20 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும் என்றால் திறந்த அடுப்பில் 12 கிலோ விறகு எரியும். ஒழுங்காகக் கட்டிய பாய்லரில் அதில் பாதி போதும். காய்ச்சி எடுத்த சக்கைப் புல்லையே காயவைத்து எரிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக வலிக்காது. விறகு விலைக்கு வாங்குபவர்களுக்கு ஒரே வருடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் பாய்லர் என்றால் சட்டம் வரும். 25 லிட்டருக்கு மேல் கொள்ளளவும், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் அழுத்தமும் இருந்தால் அது பாய்லர் சட்டத்துக்குள் வரும், பதிவும் ஆய்வும் வேண்டும். பட்டறைக்காரர் “அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார்” என்று சொன்னால் நம்ப வேண்டாம். சேஃப்டி வால்வ், பிரஷர் கேஜ் இரண்டும் இல்லாத மூடிய பாத்திரத்தின் பக்கத்தில் நிற்பது உயிரோடு விளையாடுவது.

500 லிட்டர் என்பது 500 கிலோ அல்ல

டேங்க் அளவில் எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். புதுப் புல்லை மிதித்து அடைத்தாலும் 1,000 லிட்டர் இடத்தில் சுமார் 300 கிலோதான் நிற்கும். 500 லிட்டர் டேங்கில் 150 கிலோ. எலுமிச்சைப்புல்லில் எண்ணெய் அளவை 0.4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு டேங்குக்கு 600 கிராம் எண்ணெய். ஏற்ற, சூடேற்ற, இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்ச, சக்கையை இறக்க என்று ஒரு சுற்றுக்கு நாலைந்து மணி நேரம். விடிகாலையில் தொடங்கினால் இருட்டுவதற்குள் மூன்று சுற்று ஓட்டலாம்.

நல்ல மண்ணில் ஒரு ஏக்கருக்கு ஒரு அறுப்பில் 2 முதல் 3 டன் புல் வரும். நாளுக்கு 450 கிலோ காய்ச்சினால் ஒரு ஏக்கருக்கே ஆறு நாள். மொத்தத்தையும் ஒரே நாளில் அறுத்துக் குவித்தால் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். அது புளிக்க ஆரம்பித்ததன் அடையாளம், எண்ணெயும் போகும் தரமும் போகும். அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் பரப்பி வாடவிடுவது நல்லது. ஈரம் குறையும், டேங்கில் கூடுதலாக அடைபடும். குவித்து வைப்பதுதான் தப்பு. ஆகவே சின்ன டேங்க் வைத்திருப்பவர் வயலைப் பாத்தி பாத்தியாக அறுக்க வேண்டும். அல்லது 1,000 லிட்டருக்குப் போக வேண்டும்.

அடைக்கும் விதமும் முக்கியம். ஒரு அடி உயரத்துக்குப் போட்டு, சுற்றி வந்து மிதித்து, மறுபடி போட வேண்டும். ஓரத்தில் தளர்வாக விட்டால் ஆவி அந்த வழியே ஓடிவிடும். காய்ச்சி முடித்துச் சக்கையை இறக்கும்போது நடுவில் பச்சையாகவே புல் கிடந்தால் அதுதான் காரணம். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசனை அப்படியே அடிக்கும். அவ்வளவும் விட்டுப்போன எண்ணெய்.

பணத்தை கண்டென்சரில் போடுங்கள்

இப்போது அந்தத் தண்ணீர்க் கேள்விக்கு வருகிறேன். டேங்கிலிருந்து வரும் ஆவியைக் குளிரவைத்து வடிநீராகவும் எண்ணெயாகவும் இறக்கும் பகுதிதான் கண்டென்சர். ஆவியை உண்டாக்க எவ்வளவு வெப்பம் கொடுத்தோமோ, அதைக் குளிரவைக்கும்போது கிட்டத்தட்ட அவ்வளவையும் திரும்ப எடுக்க வேண்டும். குளிர்நீர் 28 டிகிரியில் உள்ளே போய் 48 டிகிரியில் வெளியே வருகிறது என்றால், 1 லிட்டர் வடிநீருக்கு 30 லிட்டர் குளிர்நீர் ஓட வேண்டும். மணிக்கு 20 லிட்டர் வடிக்கும் சின்னக் கருவிக்கே மணிக்கு 600 லிட்டர். நாளுக்கு மூன்று சுற்று ஓட்டினால் 5,000 லிட்டருக்கு மேல். அது வீணாகும் தண்ணீர் இல்லை, ஆறவைத்துத் திரும்ப ஓட்டலாம், பயிருக்கும் விடலாம். ஆனால் அவ்வளவு தண்ணீர் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தரைமேல் சின்டெக்ஸ் தொட்டியில் நிற்கும் தண்ணீரை நம்பினால் மத்தியானத்துக்குள் குளிர்நீரே வெந்நீராகியிருக்கும்.

கண்டென்சர் பற்றாமல் போனால் என்ன ஆகும்? குழாய் வாயில் நீரோடு ஆவியும் சேர்ந்து புசுபுசுவென்று வரும். கொட்டகை முழுக்க மணக்கும். பார்க்க வருகிறவர்கள் “ஆஹா, என்ன வாசனை!” என்பார்கள். அந்த வாசனை உங்கள் காசு காற்றில் போவது. நன்றாக ஓடும் கொட்டகையில் மணம் குறைவாகத்தான் இருக்கும்.

பழைய முறையில் தொட்டித் தண்ணீருக்குள் சுருள் குழாய் வைப்பார்கள். செய்வது எளிது, சுத்தம் செய்வது கஷ்டம். பல குழாய்களை ஒரே உறைக்குள் அடுக்கிய வகை விலை கூடுதல், ஆனால் அதே தண்ணீரில் நிறைய வேலை செய்யும், மூடியைக் கழற்றிக் கம்பியில் துணி சுற்றித் தேய்த்துவிடலாம். இரண்டில் ஒன்று என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கையில் இருக்கும் பணத்தில் டேங்கை ஒரு அளவு குறைத்துக்கொண்டு கண்டென்சரை ஒரு அளவு கூட்டிக்கொள்ளுங்கள் என்பது எல்லோருக்கும் நான் தரும் யோசனை.

தகடு விஷயத்தில் நான் பட்டது

எம்எஸ் என்கிற சாதாரண இரும்புத் தகடா, செம்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கடலூர் கடற்கரை மணலில் எங்கள் மாமா வெட்டிவேர் போட்டிருந்தார். சேர்ந்து காய்ச்சலாம் என்று முடிவெடுத்து, செலவைக் குறைக்க ஒரு பட்டறையில் எம்எஸ் தகட்டில் டேங்கும் குழாயும் செய்து வாங்கினோம். உள்ளே பெயின்ட் அடிக்கவில்லை, அது ஒன்றுதான் நாங்கள் சரியாகச் செய்தது. முதல் எண்ணெய் பார்க்க அழகாக, அடர்ந்த செம்பழுப்பாக இருந்தது. வெட்டிவேர் எண்ணெய் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம். வாங்க வந்தவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒரு காகிதத் துண்டில் தொட்டு முகர்ந்தார். “துரு வாசம் வருதுங்க” என்றார். விலை பாதியாக இறங்கியது. மாமா ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவர் முழுக்கக் காவிப் பொடி.

நீராவியும் எண்ணெயில் உள்ள அமிலங்களும் சேர்ந்தால் இரும்பைச் சும்மா விடாது. பணம் குறைவு என்றால் டேங்கின் உடலை எம்எஸ்ஸில் செய்துகொண்டு, மூடி, ஆவிக்குழாய், கண்டென்சர், எண்ணெய் பிரிக்கும் பாத்திரம் இவற்றையாவது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யலாம். முழுக்க ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் நல்லது. செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். நீலகிரியில் தைலமர இலை காய்ச்சும் கொட்டகைகளில் செப்புப் பாத்திரங்கள் நீண்ட காலம் புழங்கியிருக்கின்றன. ஆனால் செம்பில் களிம்பு ஏறும், எண்ணெய் பச்சை தட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் தேய்க்க ஆள் வேண்டும். இன்றைய செம்பு விலையில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

வெட்டிவேர் தனி ரகம்

மாமாவின் வேரிலிருந்து இன்னொன்றும் கற்றோம். எலுமிச்சைப்புல்லில் முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி எண்ணெய் இறங்கிவிடும். வெட்டிவேர் அப்படி இல்லை. 16 மணி நேரம், 24 மணி நேரம் என்று காய்ச்ச வேண்டும். அதன் மணப்பொருள்கள் கனமானவை, மெதுவாகத்தான் எழும். அடுப்பு வைத்த சல்லடை டேங்கில் ராத்திரி முழுக்க விறகு தள்ளிக்கொண்டே இருப்பது மனுஷன் செய்கிற வேலையா? இதற்குத் தனி பாய்லர் வேண்டும், கொஞ்சம் அழுத்தத்தோடு ஆவி வேண்டும்.

அப்புறம் எண்ணெய் பிரிப்பது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும், மேலிருந்து வழித்துக்கொள்ளலாம். வெட்டிவேர் எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியேதான். கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் நடுவில் தொங்கும், கொஞ்சம் பாத்திரச் சுவரில் ஒட்டும். சாதாரண பிரிப்பானில் விட்டால் வடிநீரோடு போய்விடும். அந்த வடிநீரை வீசாமல் திரும்ப பாத்திரத்துக்கே அனுப்பிக் காய்ச்சும் அமைப்பு இருக்க வேண்டும். ரோஜாவுக்கும் இதே தேவை. கருவி வாங்கும்போது “வடிநீரைத் திருப்பி விட வழி வைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். புல்லுக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

மல்லிகைக்கு ஹெக்சேன்

மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கம் பூ விலை சரியும்போதெல்லாம் ஒரு யோசனை கிளம்பும்: “நாமே எண்ணெய் எடுத்தால் என்ன?” அந்த வேதனை எனக்குப் புரிகிறது. விடியுமுன் பறித்த பூவைக் கேட்பாரின்றிக் கொட்டிவிட்டு வருகிற வயிற்றெரிச்சல் சாதாரணமானது அல்ல. ஆனாலும் இந்தக் கருவி வீட்டுக்கானதும் இல்லை, தோட்டத்துக்கானதும் இல்லை.

மல்லிகையை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, மணத்தையும் மெழுகையும் சேர்த்து இழுத்து, ஹெக்சேனை ஆவியாக்கி மீட்டுக்கொள்வார்கள். மிஞ்சும் மெழுகுப் பிசினுக்குக் கான்கிரீட் என்று பெயர். 1,000 கிலோ பூவுக்கு 3 கிலோ அளவில் கிடைக்கும். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டினால் அப்சொல்யூட். உலக வாசனைத் திரவியக் கம்பெனிகள் வாங்குவது இவற்றைத்தான்.

ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தடி தள்ளி இருக்கும் சுவிட்சின் பொறி போதும். நாள்பட சுவாசித்தால் கை கால் நரம்புகள் மரத்துப்போகும். தீப்பொறி வராத மோட்டார், பிரத்யேக விளக்குகள், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் என்று எல்லாம் சேரும்போது இது தொழிற்சாலையாகிவிடும். உற்பத்தியாளர் நிறுவனமாக நூறு இருநூறு விவசாயிகள் சேர்ந்து, வேதிப் பொறியாளர் ஒருவரை வேலைக்கு வைத்துச் செய்தால் அர்த்தம் உண்டு. தனி ஆளாக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

யூடியூபில் பார்க்கும் அந்த இயந்திரங்கள்

தாவரச் சாறு எடுக்கும் கருவி என்று ஆங்கிலத்தில் தேடினால் வருகிற வீடியோக்களில் பெரும்பகுதி கஞ்சா சம்பந்தப்பட்டவை. கனடாவிலும் அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் அது உரிமம் பெற்ற தொழில். அங்கே விற்கும் பியூட்டேன் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு, “இதையே துளசிக்கு வாங்கலாமா அண்ணே?” என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். பியூட்டேன் என்பது சிலிண்டர் கேஸின் குடும்பம்தான். பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்து வாயுவாகிவிடும். அதைத் திறந்த குழாயில் பாய்ச்சி வீட்டுக்குள் செய்யப்போய் அமெரிக்காவில் சமையலறைகள் வெடித்திருக்கின்றன, ஆட்கள் வெந்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற இடங்களில் வாயு வெளியேறாத மூடிய சுற்றில்தான் அதை ஓட்டுகிறார்கள். ஆவியிலேயே எளிதாக இறங்கும் துளசி எண்ணெய்க்கு அந்த ஆபத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கஞ்சாவுக்கே அந்தக் கருவியைக் கேட்பவர்களுக்கும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அந்தச் செடியிலிருந்து பிரித்த பிசினும் அதன் எண்ணெயும் சரஸ் என்ற வரையறைக்குள் வருகின்றன. கருவி எது நல்லது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை, சிறைதான்.

கரியமில வாயு இயந்திரம்

இதைப் பற்றி ஆசையோடு கேட்பவர்கள் அதிகம். கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேல், சுமார் 74 பார் அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோனால் அது வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்கு வரும். வாயுவைப் போலச் சந்துபொந்தில் நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கும். அழுத்தத்தை இறக்கினால் வாயு பறந்துவிடும், சாறு மட்டும் சுத்தமாக நிற்கும். காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனை இப்படி எடுக்கலாம் என்று ஜெர்மனியின் கர்ட் சோசல் 1960-களில் காட்டிய பிறகுதான் இது தொழிலாக வளர்ந்தது.

சாறு அற்புதமாக இருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. கரியமில வாயுவில் எடுத்த இஞ்சிச் சாற்றை முகர்ந்தால் அப்போதுதான் நசுக்கிய இஞ்சி. நாக்கில் வைத்தால் உறைப்பும் இருக்கும். ஆனால் வேலை நடப்பது 100 முதல் 300 பார் அழுத்தத்தில். லாரி டயரில் 8 பார் அளவில் காற்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் இது எப்படிப்பட்ட பாத்திரம் என்று புரியும். உற்பத்தி அளவுக்கான இயந்திரம் கோடிகளில் போகும். மேசைமேல் வைக்கும் சின்ன இயந்திரம் ஆராய்ச்சிக்குச் சரி, வியாபாரத்துக்கு உதவாது. எலுமிச்சைப்புல்லுக்கு இது தேவையே இல்லை. இஞ்சி, ஏலம், மிளகு வைத்திருந்து, வாங்கத் தயாராக ஆளும் இருந்தால், இயந்திரம் உள்ள இடத்தில் கூலிக்கு எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். அதுவே முதல் படியாக இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கண்ணாடிக் குடுவை

நான் யாருக்கும் முதலில் வாங்கச் சொல்வது கிளெவெஞ்சர் செட். 1928-இல் கிளெவெஞ்சர் என்பவர் அமைத்த கண்ணாடிக் கருவி. குடுவையில் இலையும் தண்ணீரும் போட்டுக் கொதிக்கவைத்தால், மேலே அளவுக் கோடு போட்ட சின்னக் குழாயில் எண்ணெய் சேரும். கல்லூரி ஆய்வகங்களுக்குக் கண்ணாடிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். செலவு ஆயிரங்களில் முடிந்துவிடும்.

உங்கள் வயல் புல்லையே காலையில், மாலையில், பூ வருமுன், பூ வந்தபின் என்று அறுத்துப் போட்டுப் பாருங்கள். 300 கிராம் புல்லில் 1.2 மில்லி வந்தால் கணக்கு ஒன்று, 0.6 மில்லி வந்தால் கணக்கு வேறு. பாதி எண்ணெய் என்றால் பாதி வருமானம், ஆனால் விறகும் தண்ணீரும் கூலியும் அதேதான். அப்படி இருந்தால் கருவியை விட்டுவிட்டு ரகத்தை மாற்ற வேண்டும். சேர்ந்த எண்ணெயை சிமாப்புக்கோ, கன்னௌஜில் உள்ள வாசனை, சுவை மேம்பாட்டு மையத்துக்கோ அனுப்பிச் சோதித்தால், எலுமிச்சை வாசனை தரும் சிட்ரால் எத்தனை சதவீதம் என்று தெரியும். எலுமிச்சைப்புல்லில் 75-க்கு மேல் இருந்தால்தான் வாங்குபவர் நிமிர்ந்து உட்காருவார்.

பட்டறைக்குப் போகும்போது மூடியைப் பாருங்கள். சில வயல் டேங்குகளில் மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும், அதில் தண்ணீர் நிரப்பினால் அதுவே அடைப்பு. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஆவி வெளியேறிவிடும், டேங்க் வெடிக்காது. போல்ட் போட்டு கேஸ்கெட் வைத்து இறுக்கும் மூடியில் ஆவி கசியாது, ஆனால் சேஃப்டி வால்வ் கட்டாயம். எந்த மூடியாக இருந்தாலும் டேங்கிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயில் வால்வ் இருக்கவே கூடாது. யாராவது மறந்து மூடிவிட்டால் பெரிய விபத்து.

அந்தத் தம்பி கடைசியில் என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் போரில் மணிக்கு 2,000 லிட்டர் வருகிறது, விறகுக்கு வேலியோரச் சீமைக்கருவேலம் இருக்கிறது, வேறு பயிர் போடும் எண்ணம் இல்லை. இதற்குத் தனி பாய்லர் அவசியப்படவில்லை. 1,000 லிட்டரில், தண்ணீர்ப் பூட்டு மூடியோடு, சல்லடை டேங்க் ஒன்று. 304 ரகத்தில் பெரிய கண்டென்சர். அதிலிருந்து வெளியேறும் சூடான தண்ணீர் நேராக வாய்க்காலில் போய் விழும்படி ஒரு குழாய். வயலை ஆறு பாத்தியாகப் பிரித்துக்கொண்டார்.

முதல் நாள் காலை பதினொரு மணிக்கு வீடியோ காலில் வந்தார். குழாய் வாயில் கையை நீட்டிக் காட்டச் சொன்னேன். “எப்படி இருக்கு தம்பி, சுடுதா?”

“இல்லண்ணே. லேசா வெதுவெதுன்னு இருக்கு. ஆவியே காணோம்.”

பிரிப்பானின் கண்ணாடியில் விரலளவு மஞ்சளாக எண்ணெய் நின்றது. அலுமினியக் குப்பி வாங்கி வைத்திருக்கிறாயா, பிளாஸ்டிக் கேனில் ஊற்றிவிடாதே, இந்த எண்ணெய் சாதாரண பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.